புரியாத அக்கா

தாரணியின் உத்தியோகம் புரியாமல் இருப்பது. பல அலுவலகங்களில் பலர் இதைக் காலங்காலமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துவருகிறார்கள் என்று யாராவது கிண்டலடிக்கலாம். ஆனால் தாரணி அதற்கென்று ஆறு மாதம் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கியவள். ஒரு குழந்தை கையை நீட்டி ஏதோ சத்தம் எழுப்பினால், அது கேட்பது தண்ணீர்தான் என்று ஊருக்கே தெரிந்தாலும், அவள் மட்டும் புருவத்தைத் தூக்கி, தலையை இடது பக்கம் சாய்த்து, "என்ன? புரியலையே" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத் தண்ணீருக்குப் பதிலாகச் சீப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும். குழந்தை சீப்பைத் தூக்கி அவள் முகத்தில் எறியும். அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரவணம்பட்டியில் பதினான்காவது மாடியில் இருந்த அந்த வீட்டுக்கு அவள் முதல்முறை போனது ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. கதவைத் திறந்தவள் அபிநயா. முப்பது வயது இருக்கும். ஒரு காதில் அலுவலகக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது, கையில் வெங்காயம். அவளுடைய கணவன் புனேயில் வேலை பார்த்தான், மாதம் ஒருமுறை வருவான். வீட்டில் இவளும் மகளும்தான்.

மகள் மிருதுளா சோபாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். நாலே முக்கால் வயது. இரட்டைச் சடை, ஒன்று அவிழ்ந்திருந்தது. தாரணியைப் பார்த்துத் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். உடனே அவள் சட்டைக் காலரில் பட்டன்போல ஒட்டியிருந்த சிட்டு பேசியது.

"அம்மா, வந்திருக்கும் இந்தப் பெண்மணி யார் என்று அறிய விரும்புகிறேன்."

"பாத்தீங்களா?" என்றாள் அபிநயா. "நியூஸ் வாசிக்கற மாதிரி. பசிச்சாலும் அப்படித்தான். காய்ச்சல் வந்தப்பவும் அப்படித்தானுங்க. 'அம்மா, என் உடல் வெப்பம் மிகுதியாக உள்ளது'ன்னு சொல்லுச்சு. அவ அந்தப் பக்கம் அனத்திட்டுக் கெடக்கறா."

தாரணி சிரிக்கவில்லை. பன்னிரண்டாவது வீட்டில் இதே கதையைக் கேட்கிறாள்.

சிட்டு வந்தபோது யாரும் அதைக் கெடுதல் என்று நினைக்கவில்லை. குழந்தைக்கு மொழி வருவது பாடத்தால் அல்ல, பேச்சால், விளையாட்டால் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது ஒன்று சொல்ல வேண்டும், நாம் ஒன்று சொல்ல வேண்டும், மறுபடி அது சொல்ல வேண்டும். ஆனால் அம்மாவுக்குக் கூட்டம், அப்பாவுக்குப் புனே. அதனால் குழந்தையின் ஒவ்வொரு சத்தத்துக்கும் கண நேரத்தில் பதில் சொல்லும் ஒரு துணையைச் செய்து காலரில் மாட்டினார்கள். அது அலுத்துக்கொள்ளாது, 'அப்பறம் வா' என்று சொல்லாது. ராத்திரி ஒரு கணக்கும் அனுப்பும், இன்று உங்கள் குழந்தை இத்தனை முறை உரையாடியது என்று.

"ஆயிரத்து நானூறு வரைக்கும் வந்துதுங்க," என்றாள் அபிநயா, வெங்காயத்தைப் பார்த்தபடி. "எதுத்த வீட்டுப் பொண்ணுக்குத் தொள்ளாயிரந்தான். எனக்கு அப்ப எவ்வளவு பெருமை தெரியுங்களா? லிஃப்டுல பாத்தா வேணும்னே கேப்பேன், உங்க பாப்பாவுக்கு இன்னைக்கு எவ்வளவுன்னு."

"எல்லாரும் கேட்டதுதானுங்க."

"எங்கதான் தப்பாப் போச்சு?"

தாரணிக்குப் பயிற்சி வகுப்பில் சம்பத்குமார் சொன்னது ஞாபகம் வந்தது. அவர்தான் இப்போதும் அவளுடைய மேலதிகாரி. அவர் சொன்னதையே இவளும் சொன்னாள்.

"பூப்பந்து ஆடற மாதிரிங்க. எதுக்க நிக்கறவன் எங்க விழுந்தாலும் ஓடி ஓடி எடுத்துட்டான்னா, நாம எதுக்குக் குறி பாத்து அடிக்கோணும்? சிட்டுக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. பாப்பா 'ங்கு'ன்னா தண்ணி, 'ங்கூ'ன்னா பால்னு அது கத்துக்கிச்சு. அப்பறம் அவ எதுக்குங்க தண்ணின்னு சொல்லோணும்? அவளுக்கும் சிட்டுக்கும் ஒரு பேச்சு ஆயிப்போச்சு. உலகத்துல வேற யாருக்கும் அது தெரியாது. நாம சொல்றது அவளுக்குப் புரியும். அதுல ஒரு கொறையும் இல்லைங்க. திருப்பிச் சொல்றதுக்குத்தான் அவளுக்குத் தேவையே வரலை."

மழலைப் பள்ளிகளில் இருபது குழந்தைகள் இருபது பேச்சு. சிட்டுகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். குழந்தைகள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கும். பொம்மைக்காக ஒரு சண்டைகூட நடப்பதில்லை. அந்த அமைதியைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்ட டீச்சர்களுக்கு அப்புறம்தான் பயம் பிடித்தது.

"ஐப்பசில அவளுக்கு அஞ்சு முடியுது," என்றாள் அபிநயா. "அதுக்குள்ள பேச்சு வரலைன்னா சிட்டைக் காதுக்குப் பின்னால எலும்புல வெச்சுருவாங்களாம். காலத்துக்கும் எடுக்க முடியாதாம். நான் கையெழுத்துப் போடோணுமாம்." வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அப்பறம் என் பொண்ணு என்கிட்டப் பேசவே மாட்டாளுங்களா?"

"குரல் கேக்குமுங்க. அர்த்தம் அதுதான் சொல்லும்."

இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தாரணிக்குத் தோன்றியது. அவசரமாக நிபந்தனைகளுக்கு வந்தாள். தினமும் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை சிட்டு அணைந்திருக்கும். அபிநயா சமையலறையில் இருக்கலாம். குழந்தை அழும், வரக்கூடாது. தானாக வந்து கேட்டால் பேசலாம், ஆனால் ஊகித்து எடுத்துக் கொடுக்கக்கூடாது.

"இன்னொண்ணுங்க. அவ பேச்சு எனக்கு எப்பப் புரிய ஆரம்பிக்குதோ, அன்னிக்கு நான் ஆபீசுல சொல்லிப்போட்டு நின்னுக்கோணும். வேற ஆள் வருவாங்க. புரிஞ்சுக்கறவகிட்ட யாருங்க கஷ்டப்பட்டுப் பேசுவாங்க?"

அவள் சிட்டை அணைத்தாள். மிருதுளா ஏதோ சொன்னாள். பதில் வரவில்லை. காலரை இரண்டு முறை தட்டினாள். தூங்கும் சிட்டை எழுப்ப அப்படித்தான் தட்ட வேண்டும். மறுபடி இரண்டு முறை. மறுபடி. அப்புறம் நிமிர்ந்து தாரணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பதினோரு வீடுகளில் பார்த்திருந்தும் தாரணிக்கு இன்னும் பழகவில்லை.

"என்ன?" என்றாள். "புரியலையே."

தாரணி கணபதி பகுதியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் தனியாக இருந்தாள். ஒரு காலத்தில் கணவன் இருந்தான், பெயர் விஷ்வா. இருவரும் பெரியவர்களுக்கான சிட்டு வைத்திருந்தார்கள். இவளுக்கு மனத்தாங்கல் என்றால் இவளுடைய சிட்டு அவனுடையதிடம் சொல்லும். அவன் பக்கத்து நியாயம் அதே வழியில் திரும்பி வரும். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூடக் குரல் உயர்ந்ததில்லை. அக்கம்பக்கத்தில் கண்பட்டுவிடும் என்றார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "இருவருக்கும் இதுவே நல்லது என்று முடிவாகியிருக்கிறது, தாரணி," என்று சிட்டு மென்மையாகச் சொன்னது. விஷ்வா மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவளுடைய சிட்டு, "அவர் வருந்துகிறார்," என்று சொல்லிவிட்டது. அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

வேலை நேரத்தில் அவள் சிட்டு அணியக்கூடாது. வீட்டுக்கு வந்து மாட்டியதும், "களைப்பு புரிகிறது," என்னும். மின்விசிறி சுழலும், காபி கொதிக்கும். அவள் வாயைத் திறந்தால், "தெரியும், சொல்ல வேண்டாம்," என்னும். உண்மையிலேயே அதற்குத் தெரியும், அதுதான் கொடுமை. ஆறு வருடமாகத் தன் வீட்டுக்குள் அவள் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை.

பேச்சுத்துணைக்கு, வேலைக்குப் போன வீட்டுக் குழந்தைகளாவது உண்டா என்றால், அவர்கள் கதை வேறு. பதினோரு குழந்தைகள் அவளால் பேசத் தொடங்கின. அம்மாவிடம், அப்பாவிடம், வாசலில் பால் போடும் ஆளிடம் பேசின. அவளிடம் ஒன்றுகூடப் பேசவில்லை. பேச்சு வந்த நாளே அவளுக்கு அந்த வீட்டில் கடைசி நாள். கல்யாணச் சமையல்காரனுக்குப் பந்தியில் இலை கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

மிருதுளாவுடன் முதல் ஒரு மாதம் வழக்கம்போலப் போர்தான். சொப்புச் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருவரும் சமையல் விளையாடுவார்கள். மிருதுளா சின்ன அடுப்பைக் காட்டிச் சத்தமிடுவாள். தாரணி தலையைச் சாய்ப்பாள்.

"என்ன? அடுப்பு வேணுமா? தோசைக்கல்லு வேணுமா? இல்ல கரண்டியா? இந்தா, உருளைக்கிழங்கு."

மிருதுளா உருளைக்கிழங்கை எறிவாள். தாரணி அதைப் பொறுக்கி வந்து, "ஐயோ, கிழங்கு ஓடுதே, கிழங்குக்குக் கால் மொளச்சிருச்சா?" என்பாள். குழந்தைக்குச் சிரிப்பு வரும், உடனே கோபம் வரும். இவள் ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லித் தப்பாகவே கொடுப்பாள். கடை வைத்து விளையாடுவாள், கண்ணாமூச்சி ஆடுவாள், கண்ணைக் கட்டிக்கொண்டு, "எங்க இருக்கே? மேலயா? கீழயா? சொன்னாத்தான் வருவேன்," என்பாள். ஆவணி பிறந்தபோது மிருதுளா, "கீய" என்று ஒருமுறை சொன்னாள். தாரணி கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அபிநயாவுக்கும் அது கேட்டிருக்கிறது.

அப்படியே போயிருந்தால் இந்தக் கதை எழுத வேண்டியதில்லை.

புரட்டாசி முதல் வாரத்தில் ஒருநாள் காலையிலேயே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. மின்சாரம் போய்விட்டது. மிருதுளா அன்று விளையாட வரவில்லை. சன்னலோரம் தாரணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி மெதுவாக ஏதோ சொன்னாள். "கெச்சு" என்று ஒரு சொல் அதில் வந்தது. அதற்கு முன் ஒரு நீண்ட ஊகாரம், பின்னால் உதட்டை மடித்து ஒரு சின்னச் சத்தம். கடிகாரத்துக்குப் பின்னால் பல்லி போயிருக்கிறது, மழைக்குப் பயந்துகொண்டு வரமாட்டேன் என்கிறது. தாரணிக்கு அது முழுதாகப் புரிந்தது. மொழிபெயர்த்துக்கொண்டு புரிந்ததல்ல. சொந்தப் பேச்சு போலவே விளங்கிவிட்டது.

அவளும் உதட்டை மடித்து அந்தச் சத்தத்தைச் செய்தாள். பல்லிக்குப் பயமில்லை, தூங்குகிறது என்று சொன்னாள்.

மிருதுளா திரும்பிப் பார்த்தாள். கண்கள் அகன்றன. பிறகு சிரித்தாள். இரண்டு மாதத்தில் தாரணி பார்க்காத சிரிப்பு அது. குழந்தை அவள் மடியில் ஏறி உட்கார்ந்து பொழிந்து தள்ளிவிட்டது. மழை எங்கிருந்து வருகிறது, இடி யாருடைய வயிறு, அப்பாவின் புனே மேகத்துக்கு அந்தப் பக்கமா. தாரணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாத இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தாள், சரியாக விழுந்தது. பன்னிரண்டு மணியானதே தெரியவில்லை. எழுந்தபோது மிருதுளா அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "நீமு," என்றாள். போகாதே, என்னைப் போகவிடாதே. இரண்டுக்கும் அந்த ஒரே சத்தம்தான்.

அன்று சாயங்காலமே சம்பத்குமாருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவரே கூப்பிட்டுக் கேட்டார்.

"எப்டிம்மா போகுது?"

"போகுதுங்க சார். மெதுவாத்தான்."

"புரிய ஆரம்பிச்சுதா? ஆரம்பிச்சா மறைக்காதே. உன் மேல தப்பு இல்ல, மனுசங்களுக்கு அப்டித்தான் ஆகும். ஆள மாத்திக்கலாம்."

"இல்லைங்க சார். ஒண்ணும் புரியல."

உத்தியோகத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. சொல்லிவிட்டுத் தன் சிட்டை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். அதற்குத் தெரிந்துவிடும் என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த பத்து நாளும் அவள் வாழ்க்கையில் திருவிழாதான். காலையில் எழும்போதே பத்து மணிக்காக மனம் அடித்துக்கொள்ளும். உலகத்தில் இரண்டே பேர் பேசும் ஒரு பாஷை, அந்த இரண்டில் தான் ஒருத்தி. விஷ்வாவிடம் சொல்லாததை, யாரிடமும் சொல்லாததை அவள் அந்தச் சத்தங்களில் சொன்னாள். குழந்தைக்கு அது விளங்கியதா என்று தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது. "கீய" என்ற சொல் மட்டும் அதற்குப் பிறகு வரவே இல்லை. வேறு எந்தச் சொல்லும் வரவில்லை. அதை அவள் கவனிக்காமல் இல்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

பதினோராம் நாள் இருவரும் கெச்சுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தபோது அபிநயா கதவோரம் வந்து நின்றாள். கையில் கரண்டி. வெகுநேரமாக நின்றிருக்க வேண்டும்.

"என்னங்க சொல்றா?"

"சும்மா வெளையாட்டுங்க."

"நீங்களும் அப்டியே பேசறீங்களே."

அபிநயா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். மிருதுளாவைப் பார்த்து, "நானும் வரட்டா சாமி? அம்மாவச் சேத்துக்குவியா?" என்று கேட்டாள். குழந்தை அவளைப் பார்த்துவிட்டு, தாரணியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது. தாரணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

அபிநயாவின் முகம் சிவந்தது. "பத்து மாசம் சொமந்தவ நானுங்க," என்றாள் மெதுவாக. "முன்ன அந்தப் பட்டன் வழியாவாச்சும் என்னமோ சொல்லுவா. இப்ப அதையும் மாட்ட விடமாட்டேங்கறா. எப்பப் பாத்தாலும் வாசக்கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கறா. ஐப்பசிக்கு எத்தன நாள் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுந்தானுங்க?"

எழுந்து போய்விட்டாள். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுவது கேட்டது.

தாரணி சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மிருதுளாவுக்கு அவள் கவனம் எங்கோ போய்விட்டது தெரிந்தது. அருகில் வந்தாள். தாரணியின் குர்த்தாவில் கழுத்தோரம் இருந்த மேல் பட்டனைச் சுட்டுவிரலால் இரண்டு முறை தட்டினாள். ஒரு கணம் காத்திருந்தாள். பதில் வராததால் மறுபடி இரண்டு முறை தட்டினாள்.

எத்தனை நாளாக இப்படித் தட்டுகிறாள்? தாரணி யோசித்துப் பார்த்தாள். மழை பெய்த அந்த நாளிலிருந்தே தட்டியிருக்கிறாள். ஒவ்வொரு காலையும் மடியில் ஏறியதும் அந்தப் பட்டன்தான். செல்லமாகத் தொட்டு விளையாடுகிறாள் என்று இவள் நினைத்துப் பூரித்துப்போயிருந்தாள். குழந்தைக்குப் பழைய சிட்டு போய்ப் பெரிய சிட்டு கிடைத்திருந்தது, அவ்வளவுதான். இது மடியில் வைத்துக்கொள்ளும், மழை பெய்தால் அணைத்துக்கொள்ளும். மற்றபடி எல்லாம் அதேதான். பேச ஆள் கிடைத்த ஆசையில், எந்தப் பள்ளத்திலிருந்து தூக்கிவிட வந்தாளோ அதே பள்ளத்தைத் தானே ஆழமாகத் தோண்டிவிட்டாள்.

சம்பத்குமாரிடம் சொல்லலாம். வேறு ஆள் வர ஒரு வாரம், வந்தவளோடு பழக ஒரு மாதம். அதற்குள் ஐப்பசி வந்துவிடும். இன்னொரு வழியும் இருந்தது. அதை நினைக்கவே அவளுக்கு மனம் வரவில்லை.

மிருதுளா மூன்றாம் முறை பட்டனைத் தட்டி, கெச்சுக்குக் கூரை எங்கே என்று கேட்டாள்.

தாரணி புருவத்தைத் தூக்கினாள். தலையை இடது பக்கம் சாய்த்தாள்.

"என்ன?" என்றாள். "புரியலையே."

குழந்தை சிரித்தது, விளையாட்டு என்று நினைத்து. திரும்பச் சொன்னது. தாரணி சீப்பை எடுத்து நீட்டினாள். குழந்தை சிரிப்பை நிறுத்தியது.

அந்த ஐந்து நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. முதல் மாதத்துப் போரெல்லாம் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அப்போது புரியாதவள் ஒருத்தியிடம் குழந்தை மோதியது. இப்போது புரிந்தவள் கைவிட்டாள் என்று அதற்குத் தெரியும். மிருதுளா அவள் பட்டனைத் தட்டித் தட்டி, கடைசியில் பிய்த்தே எறிந்தாள். முன்கையைக் கடித்தாள். சொப்புத் தோசைக்கல் பறந்து வந்து நெற்றியில் பட்டது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தை முகத்தோடு ஒட்டி, கண்ணுக்குள் பார்த்து, மிகவும் மெதுவாக, "நீமு," என்றாள். "நீமு. நீமு."

"புரியலையே, கண்ணு," என்றாள் தாரணி. அந்தச் சொல்லைச் சொன்ன தன் வாயை அவளுக்கு அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆறாம் நாள் காலை மிருதுளா அழவில்லை, எதையும் எறியவில்லை. சொப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து தாரணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் பல்லி ஓடியது. "கெச்சு," என்று காட்டினாள்.

"என்ன?"

மிருதுளா எழுந்தாள். விடுவிடுவென்று சமையலறைக்கு நடந்தாள். தாரணிக்கு அங்கிருந்து இருவரையும் பார்க்க முடிந்தது. அபிநயா அடுப்படியில் நின்று தாளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் நைட்டியைப் பிடித்து இழுத்தது.

"அம்மா."

சிட்டு இல்லை. கரகரப்பான, கொஞ்சம் மூக்கால் பேசும் குரல். அபிநயா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அம்மா. அக்கா... அக்கா மக்கு."

அபிநயா அலுவலகக் கூட்டம் முடிந்ததும் யாரையாவது திட்டும் சொல் அது. குழந்தை எத்தனை நாளாகக் கேட்டு வைத்திருந்ததோ.

"என்ன சாமி?" என்றாள் அபிநயா, குனிந்து. "அக்காவுக்கு என்ன?"

"கெச்சு சொன்னேன். தெரீல. ஒண்ணும் தெரீல."

"கெச்சுன்னா என்ன கண்ணு? அம்மாவுக்கும் தெரியலையே."

மிருதுளா பெருமூச்சு விட்டாள். இந்த வீட்டில் எல்லோரும் இப்படித்தானா என்பதுபோல. "செவுரு," என்றாள். "செவுத்துல ஓடும். வாலு." விரலை நெளித்துக் காட்டினாள்.

"எலியா?"

"இல்ல! செவுத்துல!"

"பல்லியா?"

"பல்லி!" குழந்தை குதித்தது. "அம்மாக்குத் தெரியுது! அக்கா மக்கு. சீப்பு குடுக்கறா."

"சீப்பா? பல்லிக்கு எதுக்குடி சீப்பு?"

"அதான்! மக்கு!"

அபிநயா தரையில் சரிந்து உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். மிருதுளா விடவில்லை. அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. அக்கா கிழங்கு தருகிறாள், அக்காவுக்குக் கண்ணாமூச்சி தெரியாது, அக்காவுக்குக் காதே கேட்காது. ஒவ்வொரு புகாருக்கும் அபிநயா, "அப்பறம்? அப்டியா? எதுக்காம்?" என்று கேட்கக் கேட்க, சொற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. பாதி உடைந்த சொற்கள்தான். ஆனாலும் வந்தன.

தாரணி சொப்புச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். பன்னிரண்டாவது குழந்தையும் பேசிவிட்டது. சம்பத்குமாருக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: மகிழ்ச்சி, நாளை குனியமுத்தூர் வீடு. விதிப்படி, பேச்சு வந்த அன்றே சத்தமில்லாமல் கிளம்பிவிட வேண்டும். விடைபெறும் வழக்கம் கிடையாது.

பெட்டியை மூடியபோது கண் மறைத்தது. துடைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரில் மிருதுளா நின்றிருந்தாள். கதவோரம் அபிநயா. கண் வீங்கிய முகத்தோடு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்களத்தான் திட்டித் தீக்கறாளுங்க."

"திட்டட்டுங்க," என்றாள் தாரணி.

மிருதுளா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றியில் தோசைக்கல் பட்ட காயத்தைப் பார்த்தாள், கன்னத்து ஈரத்தைப் பார்த்தாள். பிய்ந்த பட்டன் இருந்த இடத்தில் நூல் தொங்கியது. குழந்தையின் விரல் அங்கே போகவில்லை.

தாரணிக்கு இனி இழக்க ஒன்றுமில்லை. வேலை முடிந்துவிட்டது. குழந்தைக்கு வழி திறந்துவிட்டது, ஒரு சொல்லால் அது அடைபடாது. குனிந்து, யாருக்கும் கேட்காமல், அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த அந்தச் சத்தத்தைச் சொன்னாள்.

"நீமு."

மிருதுளா புருவத்தைத் தூக்கினாள். தலையை இடது பக்கம் சாய்த்தாள்.

"என்ன?" என்றாள். "புரியலையே."

மறந்துவிட்டாளா, நடிக்கிறாளா என்று தாரணியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினோரு வீடுகளில் இவள் செய்ததை அந்தக் குழந்தை ஒரு பிசகில்லாமல் செய்தது. எத்தனை வருடமாகிறது, இவளிடம் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டு? விஷ்வா கேட்டதில்லை. சிட்டு கேட்டதே இல்லை.

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றாள். "கண்ணுல தூசி."

"தூசி இல்ல," என்றாள் மிருதுளா. சொப்புப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள். "சொல்லு."

தாரணி வாயைத் திறந்தாள். "எனக்கு," என்று தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை. யாராவது முடித்துவைப்பார்கள் என்று காத்திருப்பவள் போல நின்றாள். யாரும் முடித்துவைக்கவில்லை. குழந்தை பெட்டியின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு," என்றாள் மறுபடி, "வீட்ல... வீட்டுக்குப் போனா... பேசறதுக்கு..."

"என்ன?" என்று கேட்டாள் மிருதுளா.